நாற்பத்தாறில் நான் இல்லை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உங்கள் தங்கையும் மட்டும்தான் என்பதால் சரிபார்க்க அதிக நேரம் ஆகவில்லை. நீங்களும், உங்கள் இல்லத்தரசியாரும், உங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும், அதன் மூன்று கார்களும், அவற்றில் ஏறி எப்படியோ உயிரோடு இறங்கும் மாணவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. அதில் கேள்வி எதுவும் இல்லாததால் நான் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தில் கேள்வி இருக்கிறது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, முழுவதும் படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை ஜப்பானிய எழுத்து படிக்கிறாள். மொத்தம் நாற்பத்தாறு எழுத்து. ஒவ்வொன்றும் மனதில் நிற்பதற்கு ஒரு படம் வைத்திருக்கிறாள். அந்த நாற்பத்தாறு படங்களில் குழாய் ரிப்பேர்காரர் இருக்கிறார், எதிர்வீட்டுக்காரர் இருக்கிறார், மாடி வீட்டு நாய் இருக்கிறது, நீங்கள்கூட இருக்கிறீர்கள். நான் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவனைப் பார்த்தால் அவளுக்கு ஓர் எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சோதித்தவன். இதையும் இரண்டு முறை சோதித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் நிலைமை உங்களுக்குப் புரியும். நம் வீட்டுப் பெண் ஜப்பான்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியிருக்கிறாள் அல்லவா, அவளுடைய மாமியார், அதாவது எங்கள் சம்பந்தியம்மா, மாதம் தவறாமல் எங்களுக்குக் கடிதம் போடுகிறார். வழவழப்பான தாள், மூன்று பக்கம், பொடிப்பொடி எழுத்து. உங்கள் தங்கை அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவாள். மகள் போனில் மொழிபெயர்ப்பாள். "அவங்க நல்லா இருக்காங்களாம்மா." "அப்புறம்?" "நம்மளையும் நல்லா இருக்கச் சொல்றாங்க." "அப்புறம்?" "அவ்வளவுதான்மா." "மூணு பக்கத்துக்குமா?" "அவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுவாங்கம்மா. வெச்சிடறேன், அடுப்புல பால் இருக்கு." உங்கள் தங்கை முப்பது வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். மறுமுனையில் இருப்பவர் எதையாவது விழுங்கினால் அவளுக்கு மூச்சிலேயே தெரிந்துவிடும். "இவ பாதியை முழுங்குறா. இனிமே நானே படிச்சிக்கிறேன்" என்று போனை வைத்தாள். எனக்குக் கெட்ட காலம் அந்த நிமிஷம் ஆரம்பித்தது.

அந்த மொழிக்கு மூன்று வகை எழுத்தாம். முதல் வகையில் நாற்பத்தாறு. இரண்டாம் வகையில் அதே ஒலிகளுக்கு வேறு உருவத்தில் இன்னொரு நாற்பத்தாறு. மூன்றாம் வகையில் இரண்டாயிரத்துக்கும் மேலே. ஒரே மொழிக்கு! ஒரு கடைக்காரன் ஒரே எடைக்கு இத்தனை வகைக் கல் வைத்திருந்தால் அன்றைக்கே கடைக்கு சீல் வைத்திருப்பேன். நல்லவேளையாக மகள் தன் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்ல, அந்த அம்மாள் அன்றிலிருந்து குழந்தைகளுக்கு எழுதுவது போல முதல் வகையில் மட்டுமே எழுத ஆரம்பித்தார். உங்கள் தங்கை நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். எழுத்தை எழுத்தாகப் பார்க்காதே, படமாகப் பார் என்பதுதான் அதில் இருந்த விஷயம் முழுவதும். அதில் போட்டிருந்த படங்கள் நமக்கு ஒத்துவராது என்று அவளே தமிழில் புதிதாகக் கண்டுபிடித்தாள். இதோ பாருங்கள், く. இதற்கு ஒலி 'கு'. குருவி வாயைத் திறந்தால் அலகு இப்படித்தான் இருக்கும். கு, குருவி. முடிந்தது, இனி நீங்களே நினைத்தாலும் மறக்க முடியாது. இது ひ, ஒலி 'ஹி'. யாரோ வாய் நிறைய 'ஹிஹி' என்று இளிக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் எனக்கே அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு நோட்டில் வரைந்த படம் கண்ணில் நிற்கவில்லை என்று சொல்லி, வீட்டில் இருக்கும் பொருள்களையே படமாக்கிவிட்டாள். வாசலில் தொடங்கிக் கொல்லைப்புறம் வரை வரிசையாக நடந்தால் நாற்பத்தாறும் வந்துவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி மாட்டியிருக்கிறோமே, அது い, இரண்டு என்பதால் 'இ'. கொக்கியில் சட்டை மாட்டக்கூடாது, மாட்டினால் எழுத்து மறைந்துவிடும். சட்டையை நான் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நடுக்கூடத்தில் உங்கள் கல்யாணப் படம் தொங்குகிறது. அதில் நீங்கள் பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறீர்கள், தாடை முன்னால் வந்து மேலே வளைந்து நிற்கிறது. அதுதான் し. "அண்ணன் சிரிப்புக்கு 'சி'. அண்ணன் தாடையை யாரால மறக்க முடியும்?" என்றாள். அதைவிடப் படுக்கையறையைக் கேளுங்கள். அங்கே கட்டிலில் இரண்டு தலையணைகள், ஒன்று மேலே ஒன்று கீழே, நடுவில் ஒரு முழ இடைவெளி. こ. சண்டை போட்டுக்கொண்டு விலகிப் படுத்தவர்கள், ஆகவே 'கோ', கோபம். நாங்கள் சண்டை எதுவும் போடவில்லை மச்சான். ஆனால் தலையணைகள் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்பதால், எந்தக் கோபமும் இல்லாமல் நான் கட்டிலின் விளிம்பில் மூன்று வாரமாகத் தொங்குகிறேன்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். எதுவும் இடம் மாறக்கூடாது. பொருள் நகர்ந்தால் எழுத்து போய்விடும். இதை நான் முதலில் நம்பவில்லை. ஒருநாள் சமையலறை ஸ்டூலை ஒரு பல்பு மாற்றுவதற்காகத் தூக்கிக்கொண்டு போனேன். அரைமணி நேரம்தான். உங்கள் தங்கை ஸ்டூல் இருந்த இடத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்து, "இங்க ஒண்ணு இருந்துச்சே, இங்க ஒண்ணு இருந்துச்சே" என்று கையைப் பிசைந்தாள். அன்று முழுவதும் அவள் அந்த எழுத்தைத் தாண்டவே இல்லை. அதற்குப் பிறகு நான் இந்த வீட்டில் எதைத் தொடுவதாக இருந்தாலும் அனுமதி கேட்டுத்தான் தொடுகிறேன். பல்பு இன்னும் எரியவில்லை.

சரி, பொருள்கள் அசையாமல் இருக்கும். ஆள்களை எப்படி அசையாமல் வைப்பது? குழாய் ரிப்பேர்காரர் பேசும்போது ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்பார், காதுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில். அதுதான் か. 'கா', கால். பக்கத்தில் இருக்கும் சின்னக் கோடு பென்சில். மறந்துபோகாமல் இருக்க அவரை வாரம் ஒருமுறையாவது நேரில் பார்த்தாக வேண்டும். அதற்காக உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? நன்றாக இருந்த குழாயின் வாஷரைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். அவர் வந்தார், பார்த்தார், "போன வாரம்தான மாத்தினேன், எலி எதுவும் இருக்கா?" என்றார். இவள், "இருக்கும். நீங்க அப்படியே சுவரோரமா நின்னு யோசிங்க" என்றாள். நான்கு வாரத்தில் நான்கு வாஷர். அந்த மனிதர் இப்போது எங்கள் வீட்டு எலியைப் பற்றித் தன் சக தொழிலாளிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குடியிருக்கிறார். அவர் ஹெல்மெட்டை மாடிப்படிக் கைப்பிடியின் மேல் கவிழ்த்து வைப்பது வழக்கம். へ, 'ஹெ', ஹெல்மெட். ஒருநாள் காலையில் அவர் அதை எடுக்கப் போனபோது உங்கள் தங்கை குறுக்கே நின்று, "ஒரு வாரத்துக்கு எடுக்காதீங்க, எனக்கு இப்பதான் பதியுது" என்றிருக்கிறாள். அவர் மரியாதை தெரிந்தவர், சரி என்று வெறும் தலையோடு போனார், மூன்றாவது தெருமுனையிலேயே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். ஹெல்மெட் எங்கே என்று கேட்டதற்கு, "அது இப்ப எழுத்தா இருக்குங்க" என்று உண்மையைச் சொன்னாராம். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் கதை வேறு. அவர் தினமும் காலை ஆறு மணிக்கு எட்டி எட்டிக் கால் வைத்து ஓடுகிறவர். அவர்தான் え, 'எ'. ஆறு மணி ஆனால் உங்கள் தங்கை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். படிப்புக்குத்தான். எனக்குத் தெரியும், படிப்புக்குத்தான். ஆனால் அவர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வயிற்றை எக்கிக்கொண்டு ஓடுகிறார்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, அவள் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரத்தில், நான் சோதனை நடத்தினேன். உத்தியோகத்தில் செய்தது போலவே, கையில் தாள், பென்சில், வாசலில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் குறி போட்டேன். நாற்பத்தாறும் சரியாக இருந்தன. நான் எங்கே என்று தேடினேன். முதல் சுற்றில் கிடைக்கவில்லை. கண் தப்பியிருக்கும் என்று இரண்டாம் சுற்று போனேன். பழைய துடைப்பம் இருக்கிறது, சோப்புப் பெட்டி இருக்கிறது, உங்கள் மனைவியின் கொண்டை இருக்கிறது, அவர் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறார் என்றாலும். அவள் திரும்பி வந்ததும், எதையும் காட்டிக்கொள்ளாமல், "இதுல எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டேன். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "வேண்டியது எல்லாம் வந்துடுச்சு" என்றாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது மச்சான், அறுபத்து மூன்று வயதில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். அந்தக் குழாயிலும் வாஷர் இல்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஓர் எழுத்தையாவது பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். の என்று ஒன்று இருக்கிறது, ஒலி 'நோ'. வயிற்று நோவில் சுருண்டு படுத்திருக்கும் ஆள் என்று யாருக்கும் பார்த்தவுடனே தோன்றும். ஆகவே சோபாவில் முழங்காலை மார்போடு சேர்த்து, தலையை உள்ளே இழுத்து, வட்டமாகப் படுத்துக்கொண்டு முனகினேன். உங்கள் தங்கை வந்து பார்த்தாள். "எழுந்திரிங்க, அது நாயோட இடம்" என்றாள். மாடி வீட்டு நாய் மத்தியானம் எங்கள் சோபாவில் சுருண்டு தூங்குவது வழக்கம், அந்தப் பதவியை அது ஏற்கெனவே வாங்கிவிட்டது. நோவு எனக்கு, எழுத்து நாய்க்கு. பிறகு எதிர்வீட்டுக்காரரோடு நேரடியாகப் போட்டி போடலாம் என்று え-க்கு முயன்றேன். கூடத்தில் ஒரு காலை முன்னால் எட்டி வைத்து, மறுகாலைப் பின்னால் நீட்டி, உடம்பை வளைத்து நின்றேன். நின்றது நன்றாகத்தான் இருந்தது. திரும்ப நிமிரத்தான் முடியவில்லை. அந்த நிலையிலேயே என்னை மாடி வீட்டுக்காரரும் குழாய் ரிப்பேர்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் தங்கை கூடவே ஓடிவந்து, பதறிப்போய், "பார்த்து, பார்த்து, தலையணையை இடிச்சிடாதீங்க!" என்றாள். மறுநாள் நான் நிஜமாகவே கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்தேன். அவள் கட்டிலை நின்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளிக்கோங்க, 'கோ' வளையுது" என்றாள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் படிப்பு வீணாகவில்லை. போன வாரம் சம்பந்தியம்மாவின் புதுக் கடிதம் வந்தது. காலையில் உட்கார்ந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு வரியைப் படித்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் எழுந்துபோய் அந்தந்தப் பொருளைப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். இளிப்பைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், படியேறினாள், இறங்கினாள். ஒலி வந்ததும் அகராதியைப் புரட்டினாள். 'முழங்கால் வலிக்கிறது' என்று இருந்தது. அந்த மொழியில் முழங்கால் என்ற சொல் ஹிஹி என்று இளிக்கும் எழுத்தில் தொடங்குகிறது. அதை உண்டாக்கியவருக்கு நிச்சயமாக முழங்கால் வலி இருந்திருக்காது. அடுத்த வரியும் முழங்கால்தான். மிச்சத்தை மகளிடம் கேட்டோம், மூன்று பக்கமும் முழங்கால்தான், இடது கால் ஒன்றரைப் பக்கம், வலது கால் ஒன்றரைப் பக்கம். நம் பெண் எதையும் விழுங்கவில்லை, நம்மைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆனால் உங்கள் தங்கைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "எனக்கும் இதே இடது கால்தான், மாடிப்படி இறங்கும்போதுதான்" என்று கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கும் முழங்கால் வலிக்கிறது என்று ஆறு வருஷமாகச் சொல்கிறேன், என்னை யாரும் அணைத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை நடந்ததுதான் கடைசி. அவளுடைய பின்னல் கூடையில் நூல் உருண்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. சமாதானமாகப் போகலாம், அவளுக்கு ஏதாவது நல்லது செய்வோம் என்று நினைத்து, அவள் குளிக்கப் போனதும் உட்கார்ந்து, ஒரு இழைகூட அறுபடாமல் சிக்கெடுத்து, நிறம் நிறமாகச் சுற்றி அடுக்கினேன். நூலுக்கு 'நு', ぬ. அந்தச் சிக்கல்தான் எழுத்து. இது சோதனையில் நானே குறி போட்ட விஷயம், ஆனாலும் நல்லது செய்யும் அவசரத்தில் மறந்துபோனேன். அவள் வந்து கூடையைப் பார்த்தாள். "ஐயோ, என் 'நு' போச்சே!" என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூன்று மணி நேரம், அவள் எடுத்து வைத்திருந்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து, பச்சை நூல் எங்கே நுழைந்து சிவப்பு எங்கே வெளிவந்தது என்று இருவருமாக அந்தச் சிக்கலை மறுபடி போட்டோம். சிக்கெடுப்பதைவிடச் சிக்குப் போடுவது கடினம் என்பதை உத்தியோக அனுபவத்தோடு சொல்கிறேன். நாயைக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தோம். கடைசியில் அவள் களைத்துப்போய், "எதையும் தொடாம ஒரு ஓரமா இருங்களேன்" என்றாள்.

ஓரமாக இருக்கிறேன். ஓரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இனி என் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் நேரில் வந்து, மூத்தவர் என்ற முறையில் உங்கள் தங்கைக்கு இரண்டு வார்த்தை சொல்லி இந்தப் படிப்பை நிறுத்த முடியுமா? நீங்கள் சொன்னால் கேட்பாள், உங்களிடம் தாடை இருக்கிறது. இரண்டாவது, அது முடியாது என்றால், உங்கள் வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைக்குமா? அதிகம் இடம் வேண்டாம், சட்டை மாட்ட ஒரு கொக்கி இருந்தால் போதும். மூன்றாவது கேள்வி இல்லை, எச்சரிக்கை. இரண்டாம் வகை நாற்பத்தாறுக்கு எங்கள் வீட்டில் இடம் இல்லை. போன தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் உங்கள் கார் நிறுத்தும் கொட்டகையை அடி அடியாக அளந்துகொண்டு வந்திருக்கிறாள், அளவு நோட்டில் இருக்கிறது, நானே பார்த்தேன். உங்கள் மூன்று கார்களும் இனி ஓடாது. கொட்டகைக்கு ஒரு நல்ல பூட்டாக வாங்கிப் போட்டு, சாவியை உங்கள் மனைவியிடம்கூடக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி உங்கள் மனைவிக்கும் அவர் கொண்டைக்கும் என் மரியாதை கலந்த வணக்கம். உங்கள் மாணவர்கள் எல்லோரும் முதல் தடவையிலேயே தேறி, சாலையில் நடப்பவர்கள் எல்லோரும் நூறு வயது வாழ வாழ்த்துகிறேன். கடிதம் கிடைத்ததும் தாமதிக்காமல் பதில் எழுதவும், தமிழில் எழுதவும்.

இப்படிக்கு,
எந்த எழுத்தும் இல்லாத,
தங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: உறை எடுக்க உள்ளே போன நேரத்தில் உங்கள் தங்கை இந்தக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று கேட்டேன். "அடுத்தவங்க பேச்சைக் கேட்டுத்தானே முப்பது வருஷம் வேலை பார்த்தேன்" என்றாள். பிறகு போய்த் தன் நோட்டை எடுத்து வந்தாள். உங்களிடம் நான் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். போன மாதம் நீங்கள் போன் செய்தபோது, இரண்டு நாள் வெளியூர் போயிருந்தோம் என்று சொன்னேனே, அது பொய். மார்பில் ஒரு வலி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் அவள் வெளியே வராந்தாவில் சம்பந்தியம்மாவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"மூணாவது எழுத்தே நீங்கதான்" என்றாள். う, ஒலி 'உ'. ஜன்னலோரத்து நாற்காலியில் தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள். முதல் வாரத்திலேயே என்னைப் போட்டுவிட்டாளாம், நான்தான் அப்போது நோட்டைப் பார்க்கவில்லை. "அந்த எழுத்து வரிக்கு நாலு தடவை வருது. ஆஸ்பத்திரியில உட்கார்ந்து படிக்கிறேன், அது வர்ற இடத்துல எல்லாம் நாற்காலிதான் கண்ணுக்குத் தெரியுது. நாற்காலியில ஆள் இல்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஆள் வரலை. அப்படி ஒரு பயம் எனக்கு எப்பவும் வந்ததில்லை. வீட்டுக்கு வந்த உடனே உங்களை எடுத்துட்டேன். எழுத்து போனாப் போகுது, அந்தக் காலி நாற்காலியை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது." இப்போது அந்த எழுத்துக்கு ஓர் உடைந்த குடையை வைத்திருக்கிறாளாம். குடை போனால் போகட்டும் என்று.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன், அவளும் அழுதாள், அந்த நேரம் பார்த்துக் குழாய் ரிப்பேர்காரர் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, எலியைப் பிடித்துவிட்டோமா என்று கேட்டார். மாத்திரையை வேளை தவறாமல் போடுவதாக இருந்தால் என்னை மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், இன்றே இரண்டு வேளையும் போட்டாகிவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அறை வேண்டாம். பூட்டு வாங்க வேண்டாம், கொட்டகையை மட்டும் நன்றாகப் பெருக்கி, கார்களை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அடுத்த மாதம் அளவு நாடாவோடு இருவருமாக வருகிறோம். வெள்ளிக்கிழமை நீங்கள் வருவதில் தடையில்லை, தாராளமாக வாருங்கள், எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். ஜன்னலோரத்து நாற்காலியில் மட்டும் வேண்டாம். அதில் ஆள் இருக்கிறது.